கந்தரோடையில் வீழ்ந்த மேஜர்: பரமேஸ்வரனின் வீரமும் தமிழர் நினைவும்

சென்னையிலிருந்து மேற்கே செல்லும் பூந்தமல்லி நெடுஞ்சாலை கோயம்பேட்டை எட்டுவதற்கு முன் கடக்கும் அரும்பாக்கத்தில், படையினர் குடும்பங்களுக்கான குடியிருப்பு ஒன்று ‘பரமேஸ்வரன் விஹார்’ என்ற பெயரைத் தாங்கியிருக்கிறது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று மேற்கே விரிந்துகிடக்கும் புறநகர்களுக்குச் செல்வோர் நாள்தோறும் இந்தப் பகுதியைக் கடக்கிறார்கள். குடியிருப்புகளுக்குப் பெரியோர் பெயரிடுவது சென்னையில் வழக்கமாகிவிட்டதால் இப்பெயர் எவரையும் நிறுத்திக் கேள்வி கேட்க வைப்பதில்லை. ஆனால் இந்தப் பெயருக்குரியவர் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். போர்க்களத்தில் எதிரியின் முன்னிலையில் காட்டும் வீரத்துக்காக இந்திய அரசு வழங்கும் மிக உயர்ந்த விருதான பரம் வீர் சக்ராவைப் பெற்ற ஒரே தமிழர். அவ்விருது இதுவரை 21 பேருக்கு மட்டுமே வழங்கப்பட்டுள்ளது; அவர்களில் 14 பேர் இறந்த பின்னரே அதற்கு உரியவர்களானார்கள். அந்தப் பதினால்வரில் பரமேஸ்வரனும் ஒருவர். இத்தகைய ஒருவரைத் தமிழ்நாட்டின் பொதுநினைவு ஏன் தன்னவர் என்று உரத்துச் சொல்லவில்லை என்ற கேள்விக்கு விடை, அவர் எப்படிப் போரிட்டார் என்பதைவிட எங்கே போரிட்டார் என்பதில்தான் இருக்கிறது. அவர் வீழ்ந்த மண் யாழ்ப்பாணத்துக் கந்தரோடை; அவரைச் சுட்டவர் தமிழ் இளைஞர்.

பரமேஸ்வரன் 1946 செப்டம்பர் 13 அன்று மும்பையில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். பிழைப்பைத் தேடி மாதுங்கா, சயான் பகுதிகளில் குடியேறிய தென்னிந்தியர்கள் தம் பிள்ளைகளின் படிப்புக்காக உருவாக்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கத்தின் பள்ளியில் படித்து, அதே சங்கத்தின் கல்லூரியில் 1968இல் அறிவியல் பட்டம் பெற்றார். அந்தச் சமூகத்து இளைஞர்கள் பெரும்பாலும் வங்கியையும் அரசு அலுவலகத்தையும் நாடிய காலத்தில் அவர் படையைத் தேர்ந்தார். அதற்காக அவர் வந்து சேர்ந்த இடம் சென்னை பரங்கிமலையில் இயங்கிய அதிகாரிகள் பயிற்சிப் பள்ளி. 1962இல் சீனாவுடனான போரில் ஏற்பட்ட பின்னடைவுக்குப் பிறகு, இருக்கும் பயிற்சி நிலையங்களால் போதுமான இளநிலை அதிகாரிகளை விரைவாக உருவாக்க இயலாது என்பதை உணர்ந்த அரசு, 1963இல் நிறுவிய பள்ளி அது. நாளடைவில் அது குறுகிய காலப் பணிக்கான அதிகாரிகளை, அதாவது நிரந்தரப் பணியாக அன்றிக் குறிப்பிட்ட சில ஆண்டுகள் பணியாற்ற ஒப்புக்கொண்டு சேரும் பட்டதாரிகளைப் பயிற்றுவிக்கும் இடமாக நிலைபெற்றது. பரமேஸ்வரன் அங்கிருந்து 1972 ஜூன் மாதம் அதிகாரியாக வெளிவந்தார். பிறப்பால் மும்பைக்காரரான அவருக்கும் சென்னைக்கும் உள்ள முதல் உறவு இந்தப் பரங்கிமலை உறவே.

அவர் சேர்ந்த மஹார் ரெஜிமென்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லாமல் இந்த வாழ்க்கையை விளங்கிக்கொள்ள முடியாது. ரெஜிமென்ட் என்பது பல பட்டாலியன்களை ஒரே பெயர், ஒரே மரபு, ஒரே பயிற்சி மையம் ஆகியவற்றால் இணைக்கும் படைக்குடும்பம். பட்டாலியன் என்பது ஏறத்தாழ 800 பேரைக் கொண்ட போரிடும் அலகு. மகாராட்டிரத்தில் தீண்டப்படாதவர்களாக ஒதுக்கப்பட்ட மஹார் மக்கள் கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய்ப் படையில் பெருந்தொகையாகப் பணியாற்றியவர்கள். 1818 ஜனவரி 1 அன்று நிகழ்ந்த கோரேகான் போரில் பங்கேற்றவர்கள். எனினும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் சில சாதிகளும் இனங்களும் மட்டுமே பிறவியிலேயே போர்க்குணம் வாய்ந்தவை என்ற கொள்கையை ஏற்றுக்கொண்டபோது, மஹார்களுக்குப் படையின் கதவு அடைக்கப்பட்டது. முதல் உலகப் போரில் தேவை கருதித் திறக்கப்பட்ட அக்கதவு போர் முடிந்ததும் மீண்டும் மூடப்பட்டது. படைவீரரின் மகனான டாக்டர் அம்பேத்கர் இந்த அநீதியை விடாது எதிர்த்து வந்தார். இரண்டாம் உலகப் போரின்போது வைஸ்ராயின் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் அவர் இடம்பெற்ற 1941ஆம் ஆண்டிலேயே, அக்டோபர் 1 அன்று பெல்காமில் மஹார் ரெஜிமென்ட் எழுப்பப்பட்டது.

இதே கொள்கை தமிழர்களையும் தாக்கியது என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். கம்பெனியின் ஆட்சியைத் தென்னிந்தியாவில் நிலைநாட்டிய சென்னைப் படையின் காலாட்படைகள் போர்க்குணம் அற்றவையென்று படிப்படியாகக் குறைக்கப்பட்டு, முதல் உலகப் போருக்குப் பின்னர் முற்றிலும் கலைக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போர் வந்த பிறகே மெட்ராஸ் ரெஜிமென்ட் மீண்டும் உயிர்பெற்றது. சாதிப் பிரிவினையாலும் இனக் கொள்கையாலும் ஒருகாலத்தில் வெளியே நிறுத்தப்பட்ட மக்களின் பெயரைத் தாங்கிய ரெஜிமென்ட், பின்னர் எல்லாச் சமூகத்தவருக்கும் திறந்துவிடப்பட்டு, ஒரு தமிழரின் வழியாகத் தன் ஒரே பரம் வீர் சக்ராவைப் பெற்றது என்பது இந்தியப் படை வரலாற்றின் மதிப்பு மிக்க பக்கங்களில் ஒன்று. பரமேஸ்வரன் பதினைந்தாவது மஹார் பட்டாலியனில் எட்டு ஆண்டுகள் பணியாற்றினார். மிசோரத்திலும் திரிபுராவிலும் கிளர்ச்சிக் குழுக்களுக்கு எதிரான நடவடிக்கைகளில் பட்டறிவு பெற்றார். 1987இல் இலங்கைக்குச் சென்றபோது அவர் எட்டாவது மஹார் பட்டாலியனில் இருந்தார்.

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜே. ஆர். ஜெயவர்த்தனாவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி, வடக்கும் கிழக்கும் இணைந்த மாகாணத்துக்கு அதிகாரப் பகிர்வு கிடைக்க வேண்டும், போராளிக் குழுக்கள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும், அதை உறுதிசெய்ய இந்திய அமைதி காக்கும் படை இலங்கை செல்ல வேண்டும் என்று முடிவாயிற்று. மறுநாளே யாழ்ப்பாணத்தில் இறங்கத் தொடங்கிய படையை ஈழத்தமிழ் மக்கள் பூமாலையிட்டு வரவேற்றார்கள். அந்த வரவேற்பு பத்து வாரங்கள்கூட நிலைக்கவில்லை. ஐந்து கோரிக்கைகளை முன்வைத்து நல்லூரில் நீரும் அருந்தாமல் உண்ணாநோன்பிருந்த விடுதலைப் புலிகள் இயக்கத்தின் திலீபன் செப்டம்பர் 26 அன்று இறந்தார்; இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்ட புலேந்திரன், குமரப்பா உள்ளிட்ட புலிகள் இயக்கத்தினர் 12 பேர், கொழும்புக்குக் கொண்டுசெல்லப்பட இருந்த நிலையில், அக்டோபர் 5 அன்று நஞ்சருந்தி மாண்டார்கள். அக்டோபர் 10ஆம் நாள் வாக்கில் விடுதலைப் புலிகளுக்கும் அமைதிப்படைக்கும் முழுமையான போர் மூண்டது. அதற்கு இந்தியப் படை இட்ட பெயர் ‘பவன் நடவடிக்கை’. பவன் என்றால் காற்று.

அமைதியைக் காக்கச் சென்ற ஒரு படை, சில ஆண்டுகளுக்கு முன்பு இந்திய மண்ணிலேயே பயிற்சியும் ஆயுதமும் பெற்ற இளைஞர்களோடு மோதிய அந்தப் போருக்கு, அதில் இறங்கியவர்கள் எவரும் ஆயத்தமாக இருக்கவில்லை. இந்திய வீரர்களின் கையில் இருந்தவை ஒவ்வொரு குண்டாகச் சுடும் கனத்த துப்பாக்கிகள்; எதிரே இருந்தவை தொடர்ந்து சுடும் ஏ.கே.-47 துப்பாக்கிகள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் புலிகளின் தலைமையைப் பிடிப்பதற்காக ஹெலிகாப்டரில் இறக்கப்பட்ட சீக்கியக் காலாட்படை வீரர்கள் 30 பேரில் 29 பேர் கொல்லப்பட்டார்கள். அப்போது இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர் செங்கல்பட்டில் பிறந்த தமிழரான ஜெனரல் கிருஷ்ணசாமி சுந்தர்ஜி. அவரும் மஹார் ரெஜிமென்டில் இருந்து வந்தவரே. ஆணையிடும் உச்சியில் ஒரு தமிழர், ஆணையைக் களத்தில் நிறைவேற்றும் இடத்தில் ஒரு தமிழர், எதிரில் நின்றவர்கள் தமிழர், இடையில் அகப்பட்ட மக்களும் தமிழர் என்ற நிலைக்கு இணையான ஒன்றை அண்மைக்காலத் தமிழர் வரலாற்றில் காண்பது அரிது.

கந்தரோடை யாழ்ப்பாண நகருக்கு வடக்கே, சுன்னாகத்துக்கு அருகில், உடுவில் பகுதியில் அமைந்த பழமையான ஊர். கதிரமலை என்ற பண்டைத் தலைநகரம் இதுவே என்று யாழ்ப்பாணத்து மரபு கூறும். பவளப் பாறைக் கல்லால் ஆன சிறு பௌத்தத் தூபிகள் இங்கே கூட்டமாகக் காணப்படுகின்றன. 1970இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு நடத்திய அகழாய்வில் வெளிப்பட்ட கறுப்பு-சிவப்பு மட்கலங்கள், தென்னிந்தியப் பெருங்கற்காலப் பண்பாட்டுக்குரிய அதே வகையைச் சேர்ந்தவை. பூந்தமல்லிக்கு மேற்கே திருவள்ளூரை அடுத்த பட்டறைப்பெரும்புதூரில் தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டியபோதும் அவ்வகை ஓடுகள் கிடைத்தன. கடலின் இரு கரையிலும் ஒரே வகைச் சட்டியில் உண்ட மக்களின் வழிவந்தவர்கள், இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின் அந்த மண்ணின்மேல் துப்பாக்கியோடு எதிரெதிராக நின்றார்கள்.

1987 நவம்பர் 25. ஆயுதங்களைத் தேடச் சென்ற படையணியொன்று பின்னிரவில் திரும்பிக்கொண்டிருந்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் பரமேஸ்வரன். அப்போது போராளிகள் மறைந்திருந்து தாக்கினார்கள். இந்த வகைத் தாக்குதலின் இயல்பைப் புரிந்துகொண்டால்தான் அடுத்து அவர் செய்ததன் பொருள் விளங்கும். மறைந்திருந்து தாக்குபவர் இடத்தையும் நேரத்தையும் தாமே தேர்ந்துகொள்கிறார். எதிரி வரும் பாதையின் ஒரு பகுதியைக் கொலைக்களமாக முன்கூட்டியே குறித்து, அதன்மீது எல்லாத் துப்பாக்கிகளையும் குறிவைத்துக் காத்திருக்கிறார். முதல் சில நொடிகளில் எதிரணி குழம்பித் தரையில் படுத்துவிட்டால் அவருக்கு வெற்றி உறுதி. இருட்டில் அகப்பட்ட அணியின் தலைவருக்கு அந்த நொடிகளில் இருப்பவை இரண்டே வழிகள்: கிடந்த இடத்திலிருந்து சுட்டுக்கொண்டு உதவிக்குக் காத்திருப்பது, அல்லது தாக்குபவர் எதிர்பாராத திசையிலிருந்து அவர்மேல் பாய்வது. முதலாவது இயற்கையான அச்சத்தோடு ஒத்துப்போவது. இரண்டாவதற்கு, குண்டுமழைக்கு நடுவே எதிரி எங்கிருக்கிறான், எத்தனை பேர், எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று கணிக்கும் அமைதி வேண்டும்.

பரமேஸ்வரன் இரண்டாவதைச் செய்தார். நிதானம் இழக்காமல் போராளிகளைப் பின்புறமாகச் சுற்றிவளைத்து, அவர்கள் சற்றும் எதிர்பாராத வேளையில் துணிந்து பாய்ந்தார் என்று அவருக்கு விருது அறிவித்த அரசின் குறிப்பு கூறுகிறது. கைகலப்பாக மாறிய அந்தச் சண்டையில் ஒரு போராளி அவரை மார்பில் சுட்டார். மார்பில் குண்டேறிய நிலையிலும் அவர் அந்தத் துப்பாக்கியைப் பறித்து, சுட்டவரைச் சுட்டு வீழ்த்தினார். பிறகும், உயிர் பிரியும்வரை, தம் வீரர்களுக்குக் கட்டளைகளை இட்டுக்கொண்டே இருந்தார். போராளிகள் ஐவர் கொல்லப்பட்டார்கள். மூன்று துப்பாக்கிகளும் இரண்டு ராக்கெட் ஏவும் கருவிகளும் கைப்பற்றப்பட்டன. அப்போது அவருக்கு 41 வயது. 1988 ஜனவரி 26 அன்று பரம் வீர் சக்ரா அறிவிக்கப்பட்டது. சியாச்சின் பனிமலையில் காட்டிய வீரத்துக்காக நாயப் சுபேதார் பானா சிங்கும் அந்த ஆண்டு அதே விருதைப் பெற்றார். 1971 போருக்குப் பிறகு 16 ஆண்டுகளாக எவருக்கும் வழங்கப்படாதிருந்த விருது அது. அமைதிப்படையில் பணியாற்றியவர்களில் அதைப் பெற்றவர் பரமேஸ்வரன் ஒருவரே.

பதக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். கைக்குள் அடங்கிவிடும் சிறிய வெண்கல வட்டம். நடுவில் அரசுச் சின்னம், அதைச் சுற்றி இந்திரனின் வச்சிராயுதத்தின் நான்கு வடிவங்கள், ஊதா நிற நாடா. அதை வடிவமைத்தவர் சுவிட்சர்லாந்துத் தொடர்புடைய குடும்பத்தில் பிறந்து, இந்தியப் படை அதிகாரி ஒருவரை மணந்து, இந்தியப் புராணங்களில் தோய்ந்த சாவித்திரி கானோல்கர். வச்சிராயுதம் செய்வதற்காகத் தம் முதுகெலும்பையே கொடுத்த ததீசி முனிவரின் கதையே அவருக்குத் தூண்டுகோல் என்பர்.

இந்த விருதுக்கான விதியில் ஒரு சொற்றொடர் உண்டு: எதிரியின் முன்னிலையில். எதிரியை நேர்கொள்ளும் போர்ச்சூழலில் காட்டும் வீரத்துக்குப் பரம் வீர் சக்ரா. மற்றச் சூழல்களில் காட்டும் இணையான வீரத்துக்கு அசோக சக்ரா. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்து, பரமேஸ்வரனைப் போலவே பரங்கிமலையில் பயின்று, 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் சோபியானில் உயிர்துறந்த மேஜர் முகுந்த் வரதராஜனுக்கு அசோக சக்ரா வழங்கப்பட்டது இந்த வேறுபாட்டினால்தான். அப்படியானால் அமைதி காக்கும் பணி என்று அறிவிக்கப்பட்ட ஒன்றில் இறந்தவருக்குப் பரம் வீர் சக்ரா வழங்கியதன் மூலம், அது போர்தான் என்பதையும் எதிரே நின்றவர்கள் எதிரிகள்தான் என்பதையும் இந்திய அரசு தன் கைப்பட ஒப்புக்கொண்டது என்றே கொள்ள வேண்டும். எத்தனையோ அறிக்கைகள் மழுப்பிய உண்மையை ஒரு வீரரின் விருது ஒளிவின்றிக் கூறிவிட்டது.

தமிழ்நாட்டால் ஏற்றுக்கொள்ள முடியாமல் போனதும் இந்த உண்மையைத்தான். 1987 அக்டோபர் 21 அன்று, தீபாவளித் திருநாளில், யாழ்ப்பாணப் பொது மருத்துவமனைக்குள் நுழைந்த இந்தியப் படையினர் சுட்டதில் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் ஊழியருமாக அறுபதுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். மருத்துவமனைக்குள்ளிருந்து புலிகள் சுட்டதால் நேர்ந்த மோதல் அது என்று இந்தியத் தரப்பு விளக்கம் தந்தது; உயிர்தப்பியவர்களின் சாட்சியம் அந்த விளக்கத்தை ஏற்கவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்களான ராஜினி திராணகம, ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், கோ. ஸ்ரீதரன் ஆகிய நால்வர் எழுதிய ‘முறிந்த பனை’ என்னும் நூல், இந்தியப் படையின் கொடுமைகளையும் புலிகளின் கொடுமைகளையும் ஒரே தட்டில் வைத்துப் பதிவுசெய்தது. அவர்களுள் ராஜினி 1989 செப்டம்பரில் யாழ்ப்பாணத் தெருவில் சுட்டுக்கொல்லப்பட்டார். உண்மையை முழுவதுமாகச் சொல்வதற்கு அந்த நாளில் கொடுக்க வேண்டியிருந்த விலை அது.

ஏறத்தாழ 1,200 வீரர்களை இழந்த அமைதிப்படையின் கடைசி அணி 1990 மார்ச் 24 அன்று திருகோணமலையை விட்டுப் புறப்பட்டுச் சென்னைத் துறைமுகத்தை வந்தடைந்தபோது, அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி அதை வரவேற்கச் செல்லவில்லை. ஈழத்தமிழரைக் கொன்ற படையை வரவேற்க இயலாது என்பது அவர் நிலைப்பாடு. அது சரியா தவறா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. ஆணையை ஏற்றுச் சென்றவர்களின் மீது ஆணையிட்டவர்களின் பிழையைச் சுமத்தியது முறையன்று என்ற கருத்துக்கு வலு உண்டு. அன்றைய தமிழ்நாட்டு மக்களின் மனநிலையை அந்தச் செயல் பிரதிபலித்தது என்பதும் உண்மை. எப்படியாயினும் அன்று துறைமுகத்தில் நிலவிய மௌனம் அங்கேயே முடிந்துவிடவில்லை. கந்தரோடையில் இறந்த தமிழ் அதிகாரியின் மீதும் அது கவிந்தது.

சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதி இந்த வரலாற்றின் பல முனைகளைத் தன்னிடத்தே வைத்திருக்கிறது. பூந்தமல்லி ஆங்கிலேயர் காலத்துப் படைத்தளம். இரண்டாம் உலகப் போரின்போது படைக் கிடங்காக வளர்ந்த ஆவடி, 1955இல் காங்கிரஸ் மாநாட்டைக் கண்டது. பின்னர் கனரக ஊர்தித் தொழிற்சாலையையும் படையினருக்கான உடைத் தொழிற்சாலையையும் பெற்றது. ‘விஜயந்தா’ டாங்கி 1965இல் ஆவடியிலிருந்து வெளிவந்து 1971 போரில் களம் கண்டது. அர்ஜுன் டாங்கியை உருவாக்கிய ஆய்வு நிறுவனமும் அங்கேயே உள்ளது. 1960களில் வளர்ந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகளையும் சேர்த்துப் பார்த்தால், நாட்டின் போர்க்கருவியிலும் போர்வீரர் உடுத்தும் உடுப்பிலும் இப்பகுதி மக்களின் உழைப்பு கலந்திருப்பது புலப்படும். ஆவடியிலும் பட்டாபிராமிலும் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் மிகுதியாகக் குடியேறியிருப்பதும் இதன் தொடர்ச்சியே.

மறுபுறம், அரும்பாக்கத்தில் பரமேஸ்வரன் பெயரைக் கடந்துசெல்லும் அதே நெடுஞ்சாலை பூந்தமல்லி வழியாகத் திருப்பெரும்புதூரை அடைகிறது. 1991 மே 21 அன்று ராஜீவ் காந்தி விமான நிலையத்திலிருந்து போரூர், பூந்தமல்லி வழியாகச் சென்று அங்கேதான் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். பரமேஸ்வரனை இலங்கைக்கு அனுப்பிய முடிவை எடுத்தவர், அந்த முடிவுக்குப் பழிவாங்கும் வகையில் புலிகள் நடத்திய தாக்குதலில் இறந்தார். அந்த வழக்கை விசாரித்த தனி நீதிமன்றம் பூந்தமல்லியில் இயங்கியது. 1998 ஜனவரி 28 அன்று குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் அது மரண தண்டனை விதித்தது. உச்ச நீதிமன்றம் பின்னர் பலரை விடுவித்தது; எஞ்சியிருந்த கைதிகள் 2022 நவம்பரில் விடுதலையானார்கள். ஒரு படைவீரரின் பெயர், ஒரு நீதிமன்றத்தின் தீர்ப்பு, ஒரு தலைவரின் நினைவிடம் என்று இலங்கைப் போரின் மூன்று அடையாளங்கள் ஒரே சாலையின்மேல் சில பத்துக் கிலோமீட்டருக்குள் நிற்கின்றன. இவற்றுள் இரண்டைத் தமிழ்நாடு ஓயாது பேசியிருக்கிறது. முதலாவதைப் பற்றியே பேசத் தயங்கியிருக்கிறது.

முகுந்த் வரதராஜனின் வாழ்க்கை 2024இல் ‘அமரன்’ என்ற திரைப்படமாகி, பெரும் வரவேற்பைப் பெற்றது. கார்கில் போரில் படாலிக் பகுதியில் உயிர்நீத்த மேஜர் சரவணனுக்குத் திருச்சியில் நினைவிடம் உண்டு. 2020இல் கல்வான் பள்ளத்தாக்கில் இறந்த இராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனிக்கு வீர் சக்ரா அறிவிக்கப்பட்டபோது தமிழ்நாடு அதைப் பெருமையோடு பேசியது. இவர்கள் அனைவரும் அந்தப் பெருமைக்கு முற்றிலும் உரியவர்கள். ஆனால் இவர்களின் போர்க்களங்கள் தமிழருக்கு மனச்சிக்கல் எதையும் தராதவை. எதிரி வேறு மொழி பேசினால் எளிதாகச் சுரக்கும் பெருமை, எதிரி தன் மொழி பேசும்போது வற்றிவிடுகிறது. மனித இயல்பு என்று இதைப் புரிந்துகொள்ளலாம். வரலாற்று மதிப்பீடு என்று ஏற்றுக்கொள்ள முடியாது.

இந்தச் சிக்கலை எதிர்கொள்வதற்கான கருவி தமிழ் மரபுக்குள்ளேயே இருக்கிறது. போரில் வீழ்ந்தவருக்கு நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என ஆறு படிகளாக வகுத்துரைக்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பட்ட தமிழிப் பொறிப்புடைய நடுகல், ஊரின் பெயரையும் அங்கு நடந்த ஆகோளையும், அதாவது ஆநிரை கவர்தலையும், இறந்தவன் பெயரையும் ஒருசில சொற்களில் சொல்லி நின்றுவிடுகிறது. செங்கம் பகுதியில் கிடைத்த பிற்கால நடுகற்கள் அரசனின் ஆட்சியாண்டையும், இறந்தவன் யாருடைய சேவகன் என்பதையும், எந்தப் பூசலில் பட்டான் என்பதையும் சேர்த்துச் சொல்கின்றன. யார், எப்போது, எங்கே, எதன்பொருட்டு என்பதற்கு மேல் அவை பேசுவதில்லை. இதில் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு: பகைவர் நாட்டு ஆநிரையைக் கவரச் சென்ற வெட்சி மறவனுக்கும் கல் உண்டு, கவர்ந்து செல்லப்பட்ட ஆநிரையை மீட்கச் சென்ற கரந்தை மறவனுக்கும் கல் உண்டு. பூசல் நியாயமானதா என்ற தீர்ப்பு வேறு. அதில் ஒருவன் நின்ற நிலை வேறு. பின்னதைக் கல்லில் வடித்த மரபு, முன்னதை அதோடு குழப்பிக்கொள்ளவில்லை.

பரமேஸ்வரனுக்கு அரசு வழங்கிய விருதுக் குறிப்பையும் ஒரு நடுகல்லைப் படிப்பதைப்போலப் படிக்கலாம். சில வாக்கியங்கள்தாம், நாள், நேரம், நிகழ்ந்தது, விளைந்தது என்று வரிசையாகச் செல்கின்றன. அதில் இல்லாதவையும் கவனிக்கத்தக்கவை. கொல்லப்பட்ட ஐந்து போராளிகளுக்குப் பெயர் இல்லை. அந்த இரவில் கதவடைத்துக்கொண்டு துப்பாக்கி ஓசையைக் கேட்டிருக்கக்கூடிய கந்தரோடை மக்கள் இல்லை. இலங்கை நாடாளுமன்றம் மாகாண சபைகளுக்கு வழிசெய்யும் பதின்மூன்றாம் திருத்தத்தை நிறைவேற்றி 11 நாள்களே கழிந்திருந்தன என்ற அரசியல் பின்புலம் இல்லை. இவற்றைச் சொல்வது அந்தக் குறிப்பின் வேலையன்று, வரலாற்றின் வேலை. ஈழத்தமிழர்கள் தம் இறந்த போராளிகளை நினைக்கும் நாள் நவம்பர் 27. அதற்கு இரண்டு நாள் முன்னதாக வரும் நவம்பர் 25 பரமேஸ்வரன் வீழ்ந்த நாள். இவ்விரு நாள்களையும் ஒரே வாரத்தில் வைத்துப் பார்க்கும் மன விரிவு வெட்சிக்கும் கரந்தைக்கும் கல் நட்ட ஒரு மக்களுக்கு இயலாததாக இருக்க முடியாது.

பரமேஸ்வரனின் பெயர் முற்றிலும் மறக்கப்பட்டதென்று சொல்வது பிழையாகும். பரங்கிமலையில் அவர் பயின்ற பள்ளி 1988இல் அதிகாரிகள் பயிற்சிக் கழகம் என்ற பெயரைப் பெற்றது. அதன் அணிவகுப்புத் திடலுக்குப் பரமேஸ்வரன் பெயரே சூட்டப்பட்டுள்ளது. ஒவ்வொரு அணியிலும் பயிற்சி முடிக்கும் இளைஞர்களும், 1990களிலிருந்து பெண்களும், அந்தத் திடலில் இறுதி அணிவகுப்பை நடத்திய பின்னரே அதிகாரிகளாகிறார்கள். புதுடெல்லியில் 2019இல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்தில் பரம் வீர் சக்ரா பெற்ற 21 பேரின் மார்பளவுச் சிலைகளுள் அவருடையதும் உண்டு. 2023 ஜனவரி 23 அன்று அந்தமானில் பெயரிடப்படாதிருந்த 21 தீவுகளுக்கு இவ்விருதாளர்களின் பெயர்கள் சூட்டப்பட்டபோது ஒரு தீவு அவர் பெயரைப் பெற்றது. கொழும்பை அடுத்த பத்தரமுல்லையில் அமைதிப்படை வீரர்களுக்கு இலங்கை அரசே நினைவுச் சின்னம் எழுப்பியுள்ளது. படையும் மைய அரசும் இலங்கையும் தத்தம் பங்கைச் செய்திருக்கின்றன. எஞ்சியிருப்பது தமிழ்ச் சமூகத்தின் பங்கு.

அது பெரிய செலவு பிடிக்கும் வேலையன்று. அரும்பாக்கத்திலோ, பூந்தமல்லி நெடுஞ்சாலையின் ஓரத்திலோ, ஆவடியின் படைக் குடியிருப்புகளுக்கு நடுவிலோ, சாலையில் நடப்போர் நின்று படிக்கும் உயரத்தில் ஒரு கல் நடப்பட வேண்டும். வாழ்த்துரைகளும் வழங்கியவர் பெயர்களும் அதில் வேண்டா. பழைய நடுகல்லில் இருப்பதைப்போல, பெயரும் நாளும் ஊரும் தமிழில் பொறிக்கப்பட்டால் போதும்: மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், 1987 நவம்பர் 25, கந்தரோடை.